இரண்டரை மணித்தியாலம்

படிவம் வலயக் கந்தோரில் இருந்து திரும்பி வந்திருக்கிறது.
மாணவர் நலன், தரம் நான்கு, முப்பத்தொரு பிள்ளைகள்.
நிறை, உயரம், நகம், பேன் எல்லாம் சரியாம்.
பத்தொன்பதாம் வரிசையில் மட்டும்
சிவப்புப் பேனையால் ஒரு வட்டம்:
"எடுத்த நடவடிக்கை தெளிவில்லை. மீள நிரப்பவும்."

சின்ன உப்போடையில் இன்றைக்கும் கரண்ட் இல்லை.
வாவிப் பக்க யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு
திலோஜனின் பெயரைத் திரும்ப வாசிக்கிறேன்.

குழப்படி இல்லாத பிள்ளை.
அதுதான் எனக்குப் பிழைத்துப்போன இடம்.
சப்பாத்து வெள்ளை, கொப்பிக்கு உறை,
கஞ்சிக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பான்.
ஆறரைக்கே கேற்றடியில் நிற்பான்.
"வெள்ளன வரப் பிடிக்கும் ரீச்சர்" என்றான்.
நானும் அதை நல்ல பழக்கமென்று
தேர்ச்சி அறிக்கையில் எழுதிவிட்டேன்.

மறுகாத்தான் அந்தப் புதன்கிழமை.
காலைக் கூட்டத்தில் மன்றாட்டு எங்கள் வகுப்பின் முறை.
துண்டுகளை நான்தான் எழுதிக் கொடுத்தேன்,
மழைக்கு ஒன்று, நோயாளிகளுக்கு ஒன்று.
றொமிலா ஒக்கஸ் மழையை வாசித்தாள்.
அடுத்தவன் இவன்.
மைக்கை இரண்டு கையாலும் பிடித்தான்.
துண்டைப் பார்க்கவே இல்லை.

"குவைத்தில இப்ப எத்தின மணி எண்டு
எனக்குத் தெரிய வேணுமென்று,
ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

பழகின வாய் யோசிக்காது.
சிலுவைக் கயிறு கட்டியவர்கள்,
திருநீறு பூசியவர்கள், முன்பல் விழுந்தவர்கள்,
இருநூற்றுப் பதினேழு பேரும் ஒரே மூச்சில்:
ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்.

ஒருவரும் சிரிக்கவில்லை.
அன்றைக்குக் கஞ்சி முறைக்கு வந்த அம்மா
அகப்பையோடு சமையலறை வாசலில் நின்றா.
சிஸ்டர் கொன்சலற்றா
தன் கை மணிக்கூட்டைப் பார்த்து, விரல் மடித்து,
"அஞ்சு பத்து, மகன்.
அம்மா எழும்பியிருப்பா" என்றா.
பிறகு தேசிய கீதம்.

முதற்பாடம் கணிதம்.
பின்னத்தை மூடிவைத்துவிட்டு
நேரத்தைக் கழிக்கத் தொடங்கினோம்.
இங்கே இடைவேளை பத்தேகால் என்றால்
அங்கே ஏழேமுக்கால்.
ஒன்றரைக்கு நாங்கள் வீடு போகும்போது
அங்கே பதினொன்று.
"றியாத்துக்கும் இதே கணக்கா ரீச்சர்?"
பின்வாங்கில் இருந்து: "தோஹாவுக்கு?"
இரண்டு கை உயர்ந்தது, பிறகு நான்கு.
கடைசியாக, கொஞ்சம் யோசித்து, றொமிலா.

ஒரு வருடமாக இவர்களுக்குப் பெருக்கல் படிப்பிக்கிறேன்.
ஆறு வீட்டில் யார் தலை இழுத்துவிடுகிறார்கள் என்று
எனக்குத் தெரியாது.

வான் ஓடும் பாத்லட் ஒரு மணிக்கூடு கொண்டுவந்தார்.
அரிசி ஆலை விளம்பரம் போட்டது, கண்ணாடி வெடித்தது.
"பற்றறி புதுசு" என்றார், காசு வாங்கவில்லை.
மாதா படத்துக்கு இந்தப் பக்கம் எங்கள் நேரம்,
அந்தப் பக்கம் அது.
கீழே ஊர்ப்பெயர் எழுதவா என்று கேட்டேன்.
வேண்டாமாம்.
"எங்களுக்குத் தெரியும்தானே."

திலோஜன் இப்போதும் ஆறரைக்குத்தான் வருகிறான்.
அதை மாற்ற எனக்குத் தெரியவில்லை.
கேற்றடியில் நிற்காமல் சமையலறைக்குள் போய்
தேங்காய் துருவுகிறவர்களின் காலுக்குள் நிற்கிறான்,
சொட்டுக் களவெடுக்கிறானாம், முறைப்பாடு வந்தது.
நேற்று றொமிலாவின் அழிறப்பரைக் கடித்துத் துப்பிவிட்டான்.
ஏசினேன்.
ஏசும்போது, மாதாவே, எவ்வளவு சந்தோசமாக இருந்தது!

முதல் தடவை அந்தக் கோட்டில்
"ஒரு மணிக்கூடு" என்று எழுதியிருந்தேன்.
தெளிவாக எழுதச் சொல்கிறார்கள்.
எழுதுகிறேன்:
சுவர் மணிக்கூடு, ஒன்று, பாவித்தது.
இரண்டரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது.
திருத்த வேண்டாம்.